எலி மேல் போட்ட பழி

கார் பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எஞ்சின் இல்லை, பனியன் துணி. சிவப்பு, நீலம், சாம்பல், கோடு போட்டது, புள்ளி வைத்தது என்று எங்கள் ஊர்க் கட்டிங் டேபிள்களில் விழும் வேஸ்ட் அத்தனையும் உள்ளே கிடந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில், பின்சுவர் ஓரத்தில், ஒயர்க்கட்டு போகிற சந்தில் எல்லாம் என் தம்பி திணித்து வைத்திருந்தான். மழைக்காலம் தொடங்கியபோது எலி வராமலிருக்க ஃபினாயிலில் நனைத்து வைத்ததாகச் சொன்னான். திருப்பூர்க்காரனுக்கு எதற்கெடுத்தாலும் பனியன் வேஸ்ட்தான். குழாய் ஒழுகினால் சுற்றுவான், கதவிடுக்கில் காற்று வந்தால் திணிப்பான், வண்டி துடைப்பான், தலையணைக்குள்ளும் அடைப்பான். ஃபினாயில் வாசம் போன பிறகு ஒரு எலிக் குடும்பத்துக்கு அதைவிட நல்ல மெத்தை எங்கே கிடைக்கும்? குட்டி போட்டு வளர்த்துவிட்டுத்தான் போயிருந்தன. புழுக்கை நாற்றம் குடலைப் பிடுங்கியது. அறிவுகெட்ட பயலே என்று அங்கே இல்லாத தம்பியைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு கந்தலாக இழுத்து வெளியே போட்டேன்.

எனக்கு வலது கால் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப் போனது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு ஊன்றுகோலோடு நடப்பேன். என் கார், கியர் மாற்றத் தேவையில்லாத பழைய வண்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வைத்து மாற்றியிருக்கிறது. தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்ஸிலேட்டர். அதற்கான லைசென்ஸும் முறையாக வாங்கியிருக்கிறேன். ஆகவே, “யாராவது கார் கொடுப்பாங்களே, ஓட்டிக்கோயேன்” என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளலாம். உலகத்தில் எனக்கு ஓட்ட வருகிற கார் அது ஒன்றுதான்.

பல வருடங்கள் நான் செக்கிங் டேபிளிலேயே உட்கார்ந்து கிடந்தவள். தைத்து வரும் பனியனை விரித்து, ஊசி ஓட்டை, விட்ட தையல், எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்து, பிசிறு நூலை டிரிம்மர் என்கிற குட்டிக் கத்தரியால் வெட்டி மடித்து வைக்கிற வேலை. கார் வந்த பிறகுதான் கம்பெனியில் என்னை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். தைக்கக் கொடுத்திருக்கும் யூனிட்டுகளுக்கு நேரில் போய், சரக்கைப் பார்த்து, சரியென்றால் அனுப்பவும் சரியில்லையென்றால் நிறுத்தவும் எனக்கு அதிகாரம் உண்டு. “மேடம் வந்துட்டாங்க” என்று லைன் ஆட்கள் பரபரப்பதை முதல் தடவை கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பெருமை பீற்றுகிறாள் என்பீர்கள்.

அந்தத் திங்கட்கிழமை வீரபாண்டி யூனிட்டில், வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையரின் ஆள் வந்து கடைசியாகச் சரக்குப் பார்க்கிறார். கம்பெனி சார்பில் நான்தான் கூட நிற்க வேண்டும். அது முடிந்ததும் இன்னும் இரண்டு யூனிட்டுக்குப் போக வேண்டும். வண்டி நின்றுபோனதைக் கேள்விப்பட்ட மேனேஜர் குரலில் தேன் தடவிக்கொண்டு பேசினார்.

“முடியலீன்னா சொல்லிப்போடுங்க மேடம். வேற ஆளைப் போட்டுக்கறேன். நீங்க பழையபடி டேபிள்லயே இருந்துக்கலாம். உங்களுக்கும் அதுதானுங்க சௌகரியம்.”

என் சௌகரியத்தைப் பற்றி இந்த ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. “வருவேனுங்க” என்று சொல்லி போனை வைத்தேன். போகாவிட்டால் அந்த வேலை அன்றோடு போயிற்று, டேபிளிலேயே மிச்சக் காலமும் கிடக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும்.

வாடகை டாக்ஸியில் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போய்ப் பார்த்திருக்கிறேன். ஏறும்போதும் இறங்கும்போதும் கேட்காமலே கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வருகிற டிரைவர்கள், யூனிட் வாசலில் ஹாரன் அடித்து அவசரப்படுத்துகிறவர்கள், பாவம் பார்த்து ஜாதகமே கேட்கிறவர்கள். தம்பி கொண்டுபோய் விடுவதும் அதே கதைதான். “இதோ வந்தர்றனுங்க்கா” என்பான். பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மெஷின்கள் போட்டுத் தைத்துக் கொடுக்கிற சொந்த யூனிட் அவனுக்கு இருக்கிறது. அவன் வருகிற வரைக்கும் நான் அடுத்தவன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே சரக்கை நிறுத்திவிட்டு வந்த மேடம் வெளியே பார்சல் மாதிரி காத்துக் கிடந்தால் எவன் மதிப்பான்?

வண்டி நின்ற கதை இதுதான். சில நாளாகவே எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. சனிக்கிழமை காலை சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவே இல்லை. தம்பி உடனே அவனுடைய மெக்கானிக் சிநேகிதனைக் கூட்டிவந்தான். அந்த மகராசன் பானெட்டை ஒரு சாண் தூக்கிப் பார்த்தான். டார்ச்சுகூட அடிக்கவில்லை.

“எலி கடிச்சுப்போடுச்சுங்க. ஒயரிங் மொத்தமும் போச்சு. இந்த வண்டிக்கு இனி ஒயரிங் கிட்டு தேடி, வந்து, மாத்தி... ஆவற காரியமில்லீங்க. வந்த வெலைக்குத் தள்ளி உட்ருங்க்கா.”

“எந்த ஒயருங்க?” என்று கேட்டேன்.

“எல்லாமேதானுங்க.”

“எல்லாமேன்னா ஹெட்லைட் எப்படி எரியுது? ஹாரன் எப்படி அடிக்குது?”

அவன் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தான். இது எனக்குப் பழக்கமான ஒன்று. நான் கேள்வி கேட்பேன், பதில் பக்கத்தில் நிற்கிற ஆம்பளைக்குப் போகும். அவர்கள் இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். வண்டியை விற்பது என்று முடிவாகிவிட்டது. வண்டி என் பெயரில் இருக்கிறது என்பது இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பானெட்டைத் திறந்தேன். தெரியாத வேலையில் கை வைக்கிறேன் என்ற பயம் எனக்கு இல்லை. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் மோட்டார் நின்றால் கரண்ட் எதுவரைக்கும் வருகிறது, எங்கே நிற்கிறது என்று தடம் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். கார் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்ததா? போனில் இந்தியில் ஒருவன், மலையாளத்தில் ஒருவன் என்று விடிந்ததிலிருந்து வீடியோ பார்த்திருந்தேன். பாஷை பாதி புரியவில்லை, விரல் எங்கே போகிறது என்பது புரிந்தது.

பிளாஸ்டிக் ஸ்டூலை முன்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றினேன். கந்தலை எல்லாம் அள்ளிப் போட்டபின் எலியின் கைங்கரியம் தெரிந்தது. எஞ்சின் மேலே பெட்ரோலைப் பீய்ச்சுகிற இஞ்செக்டர்களுக்குப் போகிற ஒயர்களில் தோல் உரிந்து செம்பு பளபளத்தது. ஒன்று அறுந்தே கிடந்தது. இதற்கு மொத்தக் கிட்டையும் மாற்ற வேண்டுமாம்! நிறம் பார்த்து நிறத்தோடு சேர்த்து, களிம்பு படிந்த நுனியைச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் எஞ்சின் அதிர்வில் கழன்றுகொள்ளும் என்று அந்த மலையாளத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு இணைப்பின் மேலும் சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்கிற டியூபை மாட்டினேன். தோல் மட்டும் போயிருந்த இடங்களில் தனித்தனியாக டேப் சுற்றினேன். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது.

சாவி திருக ஆள் வேண்டியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

“விடு கண்ணு. எலி கடிச்சதை எங்கீன்னு போயித் தேடுவே? வெயில்ல மொகமெல்லாம் கருத்துப்போச்சு பாரு” என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

பேட்டரியை மாட்டிவிட்டுத் திருகச் சொன்னேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

“அதத்தேன் சொன்னனல்ல” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்கதவைத் திறந்து பின்சீட்டில் காதை வைத்துக்கொண்டு, சாவியை முழுக்கத் திருகாமல் பாதியில் நிறுத்தச் சொன்னேன். நல்ல வண்டியில் அப்போது சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் கொஞ்ச நேரம் ‘ம்ம்’ என்று முனகும். ஒரு சத்தமும் இல்லை. எஞ்சினுக்குப் பெட்ரோலே வரவில்லை, பிறகு எப்படிப் பிடிக்கும்? ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேவையும், அதே மாதிரி இருக்கிற ஹாரன் ரிலேவையும் இடம் மாற்றிப் போட்டேன். ஹாரன் அடித்தது, பம்ப் முனகவில்லை. அப்படியானால் ரிலேவும் நல்லதுதான். ஒரு இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரைச் சேர்த்து நானே ஒரு சோதனை விளக்கு செய்து வைத்திருந்தேன். ஃபியூஸ் பெட்டியிலிருந்து பம்புக்குப் போகிற ஒயரில் அதை வைத்து, “இப்பத் திருகும்மா” என்றேன். விளக்கு எரிந்து அணைந்தது. பின்சீட்டைத் தூக்கி, பம்பின் மேலிருக்கிற கனெக்டரில் வைத்துத் திருகச் சொன்னேன். எரியவில்லை. முன்னால் கரண்ட் இருக்கிறது, பின்னால் இல்லை. நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் பட்டமா வேண்டும்?

அம்மா சொன்னபடியெல்லாம் திருகினாள், நிறுத்தினாள், மறுபடி திருகினாள். நடுவில் “சித்தே மோர் குடிச்சுட்டுச் செய்யி சாமி” என்றாள். குடித்தேன். பிறகு அந்த ஒயரை விரலால் வருடிக்கொண்டே போனேன். ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலிருக்கிற இரும்புச் சுவரில் ஒரு ரப்பர் வளையத்தின் வழியாக ஒயர்க்கட்டு உள்ளே நுழைகிறது. அந்த இடத்தில்தான் பனியன் வேஸ்ட் கெட்டியாகத் திணித்திருந்தது. கட்டின் மேலே எங்கு பார்த்தாலும் வருடக்கணக்கான தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும். ஒரு இடத்தில் மட்டும் கறுப்பு டேப் புத்தம்புதிதாக மினுங்கியது.

பிரித்தேன். ஒயர் இரண்டு துண்டாக, நுனிகள் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியே மடக்கி, மேலே டேப் சுற்றி வைத்திருந்தது.

எலி கடித்த ஒயரை நான் அன்று காலையெல்லாம் பார்த்திருந்தேன். தோல் துருவித் துருவி எடுத்திருக்கும், செம்பு இழைகள் ஏறுக்குமாறாக நிற்கும். இது அப்படி இல்லை. எல்லா இழையும் ஒரே மட்டத்தில், ஓரத்தில் மட்டும் லேசாக நசுங்கி இருந்தது. டிரிம்மரின் இரண்டு கத்தியும் நடுவில் சேரும்போது விழுகிற நசுங்கல் அது. ஒரு பனியனில் ஓட்டை இருந்தால், ஊசி போட்டதா, மெஷின் இழுத்ததா, பிசிறு வெட்டுகிற பிள்ளை கவனமில்லாமல் துணியையும் சேர்த்து வெட்டியதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வதுதான் என் சோறு. என் வண்டியை எலி நிறுத்தவில்லை. மனுஷக் கை நிறுத்தியிருக்கிறது.

எழுந்து, ஊன்றுகோலைத் தேடக்கூடத் தோன்றாமல், வண்டியைப் பிடித்துக்கொண்டே டிரைவர் பக்கம் போனேன். அம்மா சாவியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“யாரும்மா வெட்டினது?”

“என்ன கண்ணு?”

“பம்ப் ஒயரை யாரு வெட்டினதுன்னு கேக்கறேன்.”

“எலிதேன், வேற யாரு...”

“எலி கடிச்சுப்போட்டு, டேப்பும் சுத்தி வெச்சுட்டுப் போகுமாம்மா?”

அம்மா சாவியிலிருந்து கையை எடுத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் காலையிலிருந்து உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லத் திருகியிருக்கிறாள். எஞ்சின் பிடிக்காது என்று தெரிந்தே திருகியிருக்கிறாள். நான் குனிந்தும் நிமிர்ந்தும் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு மோர் கொடுத்திருக்கிறாள். எனக்கு அம்மா என்று கூப்பிடவே வாய் வரவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குத் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். வெட்டிய ஒயரைக் கையில் பிடித்துக் காட்டினேன். முதலில் என்னவோ உளறினான். பிறகு, “ஆமாங்க்கா. நாந்தேன்” என்றான். எந்த ஒயரை வெட்டினால் வண்டி நிற்கும் என்று அந்த மெக்கானிக் சிநேகிதன்தான் சொல்லிக் கொடுத்தானாம். மற்ற ஒயர்களை எலி ஏற்கெனவே கடித்து வைத்திருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

“எதுக்குடா?”

“பல்லடம் ரோட்ல லாரிக்காரன் உங்க வண்டி சைடு கண்ணாடிய ஒடச்சுட்டுப் போனானே, அன்னைக்கிருந்து அம்மா தூங்கறதில்லீங்க்கா. பொழுதுக்கும் பயந்துக்கிட்டே கெடக்குது.”

“கண்ணாடியத்தானேடா ஒடச்சான். உன்ற பைக்க எத்தன தடவ இடிச்சிருக்கானுங்க? எவனாச்சும் உன்ற ஒயர வெட்டினானா?”

“அதும் இதும் ஒண்ணுங்களா?”

“ஏன் ஒண்ணில்ல?”

அவன் என் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே கண்ணைத் தூக்கிக்கொண்டான். பிறகு அவனுக்கும் கோபம் வந்துவிட்டது.

“ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊருக்குள்ள எல்லாரும் என்னையத்தானுங்க்கா கேப்பாங்க. இந்தக் கால வெச்சுக்கிட்டு அவ வண்டி ஓட்டறதுக்கு நீ எப்படிடா உட்டீன்னு கேப்பாங்க.”

“நீ யாருடா எனக்கு விடறதுக்கு?”

நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிற வடநாட்டுப் பெண்கள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அம்மா நடுவில் வந்து நின்றாள்.

“அவனைத் திட்டாத சாமி. அவனா செய்யல. நாந்தேன் வெட்டுடான்னேன். நீ போனா, திரும்பி வார வரைக்கும் எனக்கு வயித்துல நெருப்பு. டேபிள்ல உக்காந்து செய்யற வேலை உனக்கு என்ன கொறச்சலா இருந்துச்சு? நாங்க உன்ற நல்லதுக்குத்தான் செஞ்சோம்.”

“நல்லதுக்குன்னா மொகத்தப் பாத்துச் சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னா நீ கேக்க மாட்டே.”

“கேக்க மாட்டேன்னு தெரியுதல்ல? அப்பறம் வெட்டினா என்னம்மா அர்த்தம்?”

அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுதால் நான் தணிந்துபோவேன் என்று இருவரும் காத்திருந்தது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லா வழக்கும் அப்படித்தான் தீரும். அன்றைக்குத் தீரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, இரக்கமும் வரவில்லை. ஒருத்திக்கு நடக்கிற கால் ஒன்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். அவள் தூங்கும்போது அதை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, காலையில் அவளோடு சேர்ந்து தேடுகிறார்கள். அதற்குப் பெயர் பாசமாம். பாசம் என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் செய்யலாமா?

தம்பி மெதுவாக, “குடுங்க்கா, நானே சேத்தித் தாரேன்” என்று கை நீட்டினான்.

“கைய வெச்சே, கொன்னுபோடுவேன். அந்தாண்ட போ.”

போனான். நான் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். மைனஸ் ஒயரைக் கழற்றினேன். இரண்டு நுனியையும் சேர்த்தால் நீளம் போதவில்லை, நடுவில் அதே பருமனில் ஒரு துண்டு வைத்து ஒட்டு போட வேண்டியதாயிற்று. கோபத்தில் கை உதறியதில் ஈயம் ஒரு சொட்டு விரலில் விழுந்து கொப்பளித்தது. ஆற விட்டுத் திரும்பவும் வைத்தேன். டியூபை மாட்டிச் சுருக்கினேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஒயர்க்கட்டைப் பழையபடி நுழைத்து, பேட்டரியை மாட்டினேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. நானே போய் உட்கார்ந்து சாவியைப் பாதி திருகினேன். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் முனகியது. மீதியையும் திருகினேன். எஞ்சின் ஒரே பிடியில் பிடித்தது. இருமலும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. கைப்பிடியை ஒரு இழு இழுத்து எஞ்சினை அலற விட்டேன். கேட்கட்டும் என்றுதான் செய்தேன்.

திங்கட்கிழமை அம்மா காபியோடு வாசலில் நின்றாள். “நானும் கூட வாரேன் கண்ணு, பின்னால செவனேன்னு உக்காந்துக்கறேன்” என்றாள். வேண்டாம் என்றேன். காபியை வாங்கவில்லை. வீரபாண்டி போகிற வரைக்கும் ஒவ்வொரு லாரியும் பக்கத்தில் வரும்போது அவள் முகம் ஞாபகம் வந்தது. அதற்காகவும் கோபம் வந்தது. எனக்கு இல்லாத பயத்தைக் கொண்டுவந்து வண்டிக்குள் ஏற்றிவிட்டாளே என்று ஆத்திரம்.

பையரின் ஆள் பெட்டியைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார். கழுத்துத் தையலில் ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். சரக்குப் பாஸாயிற்று. மேனேஜர் போனில் “அட, வந்துட்டீங்களா மேடம், வண்டி ரெடியாயிருச்சுங்களா, யாரு பண்ணினாங்க?” என்று கேட்டார். நான்தான் என்றேன். சிரித்துவிட்டு, “இல்லீங்க, மெக்கானிக் யாருன்னு கேட்டேன்” என்றார். மறுபடியும் நான்தான் என்றேன்.

அடுத்த இரண்டு யூனிட்டையும் முடித்துவிட்டு, வெயில் தாழ வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரு கிரில் பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். பானெட்டில் கொண்டி வைத்து, பூட்டுப் போடுகிற மாதிரி வெல்டிங் பண்ணித் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார், என் பூட்ஸைப் பார்த்தார், நல்லவேளை ஒன்றும் கேட்கவில்லை. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும் என்று சொல்லி நானே கழற்றினேன்.

“பேட்டரி திருடறவனுக்குங்களா பூட்டு?” என்றார்.

“இல்லீங்க.”

“எலிக்குன்னா பூட்டுப் போட்டு ஆவாதுங்க, அது அடில பூந்து வந்துரும்.”

“எலிக்கு இல்லீங்க. என்ற தம்பிக்கும் அம்மாவுக்கும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, வெல்டிங் கண்ணாடியை மாட்டிக் குனிந்து வேலையைத் தொடங்கினார்.